ரெம்பிராண்ட்டுக்கு முகங்கள் எங்கிருந்து கிடைத்தன?

கேள்வி சுருக்கமாக இதுதான்: டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இத்தாலிக்குப் போனதே இல்லை என்கிறார்கள். அப்படியானால் அத்தனை முகங்களும் அந்த வெளிச்சமும் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? அவர் எப்படி வாழ்ந்தார்? உருவப்படம் வரையக் கற்றுக்கொள்ளும் ஒருவர் அவருடைய எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ஓவியர்களின் தூண்டுதல் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே உள்ளொளி, வேதனை, தெய்வ அருள் என்று எங்கோ போய்விடும். ரெம்பிராண்ட் விஷயத்தில் அந்தச் சிரமம் நமக்கு இல்லை. அவரை எது தூண்டியது என்பதற்கு அரசாங்கக் காகிதமே இருக்கிறது. 1656 ஜூலையில் அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். கடனை அடைக்க வழியில்லை, சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தானாகவே விண்ணப்பித்தார். ஆம்ஸ்டர்டாம் நகரத் திவால் அலுவலகத்தின் ஆள் ஜூலை 25, 26 தேதிகளில் அவர் வீட்டில் அறை அறையாக நடந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். மொத்தம் 363 பதிவுகள். வெளுக்கப் போட்டிருந்த சட்டையும் கைக்குட்டையும்கூட விடுபடவில்லை.

அதில் பாத்திரம் பண்டம் குறைவு. ரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள், பூகோள உருண்டைகள், கிளிஞ்சல்கள், பவளக் கிளைகள், ஜப்பானியத் தலைக்கவசம் ஒன்று, வில், அம்பு, ஈட்டி, உயிருள்ள ஆளின் மேலேயே அச்செடுத்த கை கால் வார்ப்புகள். அப்புறம் ஆல்பம் ஆல்பமாக அச்சுப்படங்கள்: மாண்டெக்னா, லூக்காஸ் வான் லெய்டன், மைக்கேலாஞ்சலோ. இத்தாலிய ஓவியர் டிஷியனுடைய படைப்புகளின் அச்சுகள் கிட்டத்தட்ட முழுசாக. புத்தகம்தான் கொஞ்சம்: பழைய பைபிள் ஒன்று, உடல் அளவுகள் பற்றி ஜெர்மானிய ஓவியர் டியூரர் எழுதியது, இன்னும் சில. இப்படிப் படித்துக்கொண்டே போனால் ஒன்று விளங்கிவிடும். இத்தாலிக்குப் போகாத மனிதர், இத்தாலியையும் இன்னும் பாதி உலகத்தையும் ஏலக்கூடங்கள் வழியாகத் தன் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். கையில் காசு இருந்ததா இல்லையா என்று பார்க்காமல் வரவழைத்தார் என்பதுதான் பட்டியல் எழுதவேண்டி வந்ததற்கு ஒரு காரணம்.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1606 ஜூலை 15 அன்று லெய்டன் நகரில் பிறந்தார். அப்பாவுக்கு மாவு மில், அம்மா ரொட்டிக்கடைக்காரர் மகள். பையன் படிப்பான் என்று லத்தீன் பள்ளியில் சேர்த்தார்கள். 1620-இல் லெய்டன் பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயரும் ஏறியது. படிப்பு ஓடவில்லை. உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் சுமார் மூன்று வருஷம், அப்புறம் ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் லாஸ்ட்மன் என்பவரிடம் ஆறு மாதம், அவ்வளவுதான் பயிற்சி. ஊருக்குத் திரும்பி யான் லீவன்ஸ் என்ற நண்பரோடு போட்டி போட்டு வரைந்துகொண்டிருந்தபோது, டச்சு இளவரசரின் செயலாளர் கான்ஸ்டன்டைன் ஹாய்கன்ஸ் கண்ணில் பட்டார்கள். ஹாய்கன்ஸ் இருவரையும் வானளாவப் புகழ்ந்து எழுதிவிட்டு ஒரு குறையும் சொல்கிறார்: இரண்டு பையன்களும் இத்தாலிக்குப் போகமாட்டேன் என்கிறார்கள்! இளமையில் அதற்கெல்லாம் நேரமில்லை, நல்ல இத்தாலியப் படங்கள் ஹாலந்திலேயே கிடைக்கின்றன, அங்கே அலைந்து தேடவேண்டிய படங்களை இங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பது அவர்கள் சொன்ன பதில்.

அது வெறும் திமிர் என்று நினைக்கவேண்டாம். அன்றைய ஆம்ஸ்டர்டாம் உலகத்தின் கிட்டங்கி. எந்த நாட்டில் எது விற்பனைக்கு வந்தாலும் அங்கே வந்து இறங்கியது, படங்கள் உட்பட. 1639 ஏப்ரலில் லூக்காஸ் வான் உஃபெலன் என்ற வணிகரின் சொத்து அங்கே ஏலம் போனது. அதில் இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த, காஸ்டிக்லியோனே என்ற பிரபுவின் உருவப்படம் இருந்தது. இன்று பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் தொங்குகிற அதே படம். ரெம்பிராண்ட் கூட்டத்தில் இருந்தார். அவசரமாகப் பேனாவில் ஒரு குறிப்புப் படம் போட்டு, 3,500 கில்டருக்கு (டச்சு நாணயம்) போனது என்று ஓரத்தில் விலையையும் எழுதிவைத்தார். ஒரு கைத்தொழிலாளியின் வருஷ வருமானம் 300 கில்டர் அளவில் இருந்த காலம் அது. படத்தை வாங்கியவர் அல்ஃபோன்சோ லோபஸ் என்ற வணிகர். அவரிடம் ஏற்கெனவே டிஷியனின் உருவப்படம் ஒன்று இருந்தது: நீலப் பட்டுச் சட்டைக்காரர் ஒருவர், புடைத்த சட்டைக்கையை முன்னால் இருக்கிற மதில்மேல் வைத்துத் திரும்பிப் பார்ப்பார்.

அடுத்த வருஷமே, 34 வயதில், ரெம்பிராண்ட் தன்னையே ஒரு படம் வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மதில்மேல் கை வைக்கிற விதம் டிஷியனிடமிருந்து, தொப்பியும் அடக்கமான நிறங்களும் ரஃபேலிடமிருந்து. உடை அவர் காலத்து உடையே அல்ல, அவருக்கு நூறு வருஷம் முந்தியது. மில்காரர் மகன், இத்தாலிய மேதைகள் இருவரையும் கலந்து தன் முகத்தில் போட்டுக்கொண்டு அவர்கள் வரிசையில் தானும் போய் நிற்கிறார். திருட்டு என்றால் திருட்டுதான், ஆனால் எங்கே எடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும்படி செய்த திருட்டு.

ஏலத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி பால்டினூச்சி என்ற இத்தாலியர் எழுதிவைத்திருக்கிறார். ரெம்பிராண்ட்டிடம் பயின்ற ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியது. நல்ல படம் ஏலத்துக்கு வந்தால் முதல் கேள்வியிலேயே பெரிய தொகையைச் சொல்லி மற்றவர் வாயை அடைத்துவிடுவாராம். ஏன் என்று கேட்டால், ஓவியத் தொழிலின் மதிப்பை உயர்த்துகிறேன் என்பாராம். மதிப்பு உயர்ந்ததோ இல்லையோ, கடன் உயர்ந்தது.

அந்தக் கிளிஞ்சல்களில் ஒன்றை அவர் 1650-இல் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்திருக்கிறார். கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் போட்ட கூம்புச் சங்கு, நம் கடல்கள் பக்கத்துச் சரக்கு. தகட்டில் கீறுவது அச்சில் இடவலம் மாறி விழும். கையெழுத்தை நேராக விழவைக்க அதைத் தகட்டில் இடவலம் மாற்றி எழுதத் தெரிந்தவர், சங்கை மட்டும் கண்ணில் பட்டபடியே கீறிவிட்டார். அச்சில் சுழி மாறிவிட்டது. நம்மூர்க் கணக்கில் சாதாரணச் சங்கு வலம்புரி ஆகிவிட்டது. உயிரியல்காரர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த அச்சில் பிடித்தது வேறு. சங்கின் வாய்க்குள் இருட்டு இறங்குகிற இடத்தைப் பாருங்கள். முகம் வரையும்போது கண்குழியில் அவர் செய்கிற அதே வேலை. கோட்டுக்குமேல் கோடு, நடுவில் காகிதத்தின் வெள்ளை எட்டிப் பார்க்க ஓர் இடைவெளி.

இனி தொழிலுக்கு வருகிறேன். 1631 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் ஹெண்ட்ரிக் அய்லன்பர்க் என்ற படவணிகரின் பட்டறையில் சேர்ந்தார். ஆர்டர் பிடிப்பது அவர் வேலை, வரைவது இவர் வேலை. அடுத்த வருஷமே டாக்டர் டுல்ப் உடற்கூறு விளக்கும் குழுப்படம் வந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. நான்கைந்து வருஷத்தில் உருவப்படங்கள் மளமளவென்று வெளிவந்தன. 1634-இல் அய்லன்பர்கின் உறவுக்காரப் பெண் சாஸ்கியாவை மணந்தார். அதே வருஷம் மார்ட்டன், ஓப்யென் என்ற பணக்காரத் தம்பதியை ஆளுயரத்துக்கு வரைந்தார். அந்த ஜோடிப் படங்களைத்தான் 2016-இல் லூவ்ரும் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் மியூசியமும் சேர்ந்து 16 கோடி யூரோவுக்கு வாங்கின.

ஆனால் உருவப்படம் என்பது வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. ஆர்டருக்கு முகம் வரைகிற எவருக்கும் இது தெரியும். 'என் மூக்கு இப்படியா இருக்கிறது' என்று கேட்காத ஆள் குறைவு. ரெம்பிராண்ட்டுக்கும் இதே பாடுதான். ஆந்திரீஸ் டி கிராஃப் என்ற பெரிய மனிதர் படத்துக்கு 500 கில்டர் தர இழுத்தடித்து, விஷயம் பஞ்சாயத்துக்குப் போயிருக்கிறது. 1654-இல் டியேகோ டி அந்திராதா என்ற வணிகர், 75 கில்டர் முன்பணம் கொடுத்தேன், படத்தில் இருக்கிற பெண் எங்கள் பெண் மாதிரியே இல்லை, மாற்றுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நோட்டரி மூலம் நோட்டீஸ் விட்டார். ரெம்பிராண்ட் அசரவில்லை. பாக்கிப் பணத்தை வை, அப்புறம் முடித்துத் தருகிறேன். ஒத்திருக்கிறதா இல்லையா என்பதை ஓவியர் சங்கத்துக்காரர்கள் சொல்லட்டும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஏலத்தில் விற்றுக்கொள்கிறேன் என்றார். அமர்ந்து கொடுப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும் என்றும் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மாதக்கணக்கில் உட்காரவைத்துவிடுவார் என்று பால்டினூச்சியே எழுதுகிறார்.

ஆகவே ஆர்டர் படத்தில் முகபாவத்தைச் சோதித்துப் பார்க்க முடியாது. காசு கொடுத்தவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கச் சம்மதிப்பாரா? அதற்கு அவர் கண்டுபிடித்த வழி கண்ணாடி. 1630-இல், 24 வயதில், கண்ணாடி முன்னால் நின்று விழித்து, முறைத்து, சிரித்து, வாய் திறந்து, ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவுச் செப்புத் தகட்டில் கீறினார். இவை சுயசரிதை அல்ல, பயிற்சி. பைபிள் காட்சியில் திடுக்கிடுகிற ஆள் வேண்டுமானால் கையிருப்பில் ஒரு திடுக்கிடல் இருக்கும். அலுக்காத, கூலி கேட்காத மாடல் தான் ஒருவன்தானே. நாற்பது வருஷத்தில் சுமார் 40 வண்ணப்படங்கள், 30 அச்சுப்படங்கள் என்று அவர் முகம் நமக்குச் சேர்ந்துவிட்டது. ஆன்ம விசாரணை என்று பெரிதாகச் சொல்லப்படுகிற இந்த வரிசையில், இளவயதுப் படங்களிலாவது பாதிக்குமேல் தொழில் தேவைதான் என்பது என் எண்ணம். கடைசிப் படங்களுக்கு அப்படிச் சொல்லமாட்டேன்.

அடுத்த ஊற்று, தெரு. 1639-இல் அவர் 13,000 கில்டருக்கு, பெரும்பகுதி கடனாக, வாங்கிய வீடு பிரேஸ்ட்ராட் தெருவில் இருந்தது. இன்று அதுவே ரெம்பிராண்ட் வீட்டு மியூசியம்; அந்த 363 பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அறைகளை மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்கள் சுற்றிலும் குடியிருந்தன. யூத மதகுரு ரபி மெனாசே பென் இஸ்ரேல் அக்கம்பக்கத்துக்காரர். அவர் புத்தகம் ஒன்றுக்கு ரெம்பிராண்ட் 1655-இல் நான்கு சிறு படங்கள் கீறிக்கொடுத்தார். மருத்துவர் எஃப்ராயிம் புவேனோவை வரைந்தார். அதே பகுதியில் ஆப்பிரிக்கர்களும் வாழ்ந்தார்கள். ஹேக் நகரில் உள்ள 'இரு ஆப்பிரிக்கர்' படத்தின் முகங்கள் வேடம் போட்ட வெள்ளைக்காரர்களுடையவை அல்ல, பார்த்து வரைந்தவை. திவால் பட்டியலில் ஒரு வரி வருகிறது: 'உயிருள்ள ஆளைப் பார்த்து வரைந்த கிறிஸ்துவின் தலை'. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்திய கிறிஸ்துவை நேரில் பார்த்து எப்படி வரைவது? பக்கத்துத் தெரு யூத இளைஞன் ஒருவனை உட்காரவைத்து வரைந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் சொல்வது. அதுவரை ஐரோப்பிய ஓவியங்களில் வார்ப்பு மாதிரி வந்துகொண்டிருந்த கிறிஸ்துவுக்கு அப்போதுதான் ஒரு குறிப்பிட்ட மனிதனின் முகம் கிடைத்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று அந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது: விசித்திரமான சிற்றோவியங்கள் கொண்ட ஆல்பம் ஒன்று. முகலாயச் சிற்றோவியங்களாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். எப்படியும் அவர் முகலாயப் படங்களைப் பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை. ஏனென்றால் பார்த்து வரைந்தவை 23 இன்றும் இருக்கின்றன. 1656 முதல் 1661 வரையிலான காலத்தவை. ஜஹாங்கீர், ஷாஜகான், இளவரசர் தாரா ஷிகோ எல்லோரும் வருகிறார்கள். சாதாரணக் காகிதத்தில் போடவில்லை. கப்பலில் வந்த விலைகூடிய ஆசியக் காகிதத்தில் மெல்லிய பேனாக்கோடு, மேலே நீர்த்த பழுப்பு மை. அவர் கை வழக்கமாக எவ்வளவு முரட்டுத்தனமாக ஓடும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் படங்கள் ஆச்சரியம் தரும். ஜாமா என்ற சல்லாத்துணி மேலங்கியின் மடிப்பு, செருப்பின் வளைந்த நுனி, இடுப்புக்கச்சையின் முடிச்சு, எல்லாவற்றையும் மாணவன் மாதிரி அடங்கிப் பின்பற்றுகிறார். ஆனால் முழுசாக அடங்கவும் இல்லை. முகலாயப் படத்தில் பெரும்பாலும் நிழல் கிடையாது. இவர் காலடியில் கொஞ்சம் நிழலைத் தேய்த்துவிடுவார், அரசர் தரையில் நிற்க ஆரம்பித்துவிடுவார்.

முகலாயப் படங்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ச்சேர்ந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சூரத் வணிகத்தால் என்று கருதப்படுகிறது. அதே கம்பெனிதான் அப்போது நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்து சோழமண்டலக் கரைத் துணிகளை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. சிற்றோவியம் ஒன்றில் பெரியவர்கள் நால்வர் தரையில் விரிப்பு போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூலம் இப்போது வியன்னாவில் ஓர் அரண்மனைச் சுவரில் பதிந்திருக்கிறது. ரெம்பிராண்ட் அதைப் படியெடுத்தார். பைபிளில் வரும் ஆபிரகாம் வீட்டுக்குத் தேவதூதர்கள் விருந்துக்கு வரும் காட்சியை 1656-இல் அவர் செப்பில் கீறியபோது, விருந்தாளிகளை மேசை நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. நாம் பந்தியில் உட்காருவதுபோலத் தரையில் உட்காரவைத்தார். கிழக்கத்தியர் எப்படி உட்காருவார்கள் என்பதற்கு அவரிடம் இப்போது ஆதாரம் இருந்தது. இன்னொரு சங்கதி: ரெம்பிராண்ட்டின் வீடு ஏலம் போனது 1658-இல். அவர் படியெடுத்த ஷாஜகானை மகன் ஔரங்கசீப் ஆக்ரா கோட்டையில் அடைத்ததும் அதே வருஷம்தான்.

வீட்டுக்குள் இருந்த முகங்களைப் பற்றிப் பேசாமல் முடியாது. சாஸ்கியாவை நிச்சயதார்த்தமான மூன்றாம் நாள், 1633 ஜூன் 8 அன்று, வெள்ளிமுனைக் கோலால் வரைந்த சின்னப் படம் பெர்லினில் இருக்கிறது: வைக்கோல் தொப்பி, கையில் பூ, கன்னத்தில் முட்டுக்கொடுத்த கை. அவர்களுக்குப் பிறந்த முதல் மூன்று குழந்தைகளும் வாரங்களில் இறந்துபோயின. 1641-இல் பிறந்த டைட்டஸ் மட்டும் தங்கினான். அடுத்த வருஷம் சாஸ்கியா இறந்தார், வயது 29. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த கீர்ட்ஜெ டிர்க்ஸோடு ரெம்பிராண்ட் சேர்ந்து வாழ்ந்தார். பிறகு ஹெண்ட்ரிக்யெ ஸ்டோஃபல்ஸ் என்ற இளம்பெண் வீட்டுக்கு வந்ததும் கீர்ட்ஜெ வெளியேற நேர்ந்தது. ரெம்பிராண்ட் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்தார் என்று கீர்ட்ஜெ வழக்குப் போட, வருஷத்துக்கு 200 கில்டர் ஜீவனாம்சம் தீர்ப்பானது. ரெம்பிராண்ட் அதோடு விடவில்லை. 1650-இல் அந்தப் பெண்ணை கௌடா ஊரில் பெண்களுக்கான சீர்திருத்தச் சிறையில் அடைப்பதற்கு வேலை பார்த்தார். கீர்ட்ஜெ ஐந்து வருஷம் உள்ளே இருந்தார். மனித முகத்தின் துக்கத்தை இவரைப்போல் வரைந்தவர் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கட்சி. படத்தில் இருக்கிற பரிவு அவருடைய பத்திரங்களில் இல்லை.

ஹெண்ட்ரிக்யெயை அவர் மணக்கவில்லை. மறுமணம் செய்தால் சாஸ்கியாவின் உயில்படி அவர் பணத்தை அனுபவிக்க முடியாது. 1654-இல் கர்ப்பமாக இருந்த ஹெண்ட்ரிக்யெயைத் திருச்சபை கூப்பிட்டு விசாரித்து நற்கருணைச் சடங்கிலிருந்து விலக்கியது. ரெம்பிராண்ட் ஓடையில் இறங்கும் ஒரு பெண்ணை வரைந்ததும் அந்தச் சமயம்தான். சட்டையை முழங்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். மாடல் ஹெண்ட்ரிக்யெ என்றே பலரும் நம்புகிறார்கள். சட்டையின் வெள்ளையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அகலத் தூரிகையின் மயிர்த் தடம் அப்படியே தெரியும்.

அதே 1654-இல் வரைந்த யான் சிக்ஸ் படம்தான், என்னைக் கேட்டால், அவருடைய உருவப்படங்களின் உச்சி. சிக்ஸ் பணக்காரர், கவிதை எழுதுபவர், நண்பர், கடன் கொடுத்தவரும்கூட. வெளியே கிளம்பும் நேரம். கையுறையை மாட்டிக்கொண்டு ஏதோ யோசனையில் நிற்கிறார். சாம்பல் நிறக் கோட்டு, தோளில் சிவப்பு மேலங்கி. முகத்தில் நிதானமாக வேலை செய்திருக்கிறார்: காவி, ஈயவெள்ளை, கொஞ்சம் சிவப்பு, விளிம்புகளைக் குழைத்துக் குழைத்து. ஆனால் மேலங்கியின் தங்கச் சரிகைக்கு வாருங்கள். ஒரு பட்டைக்கு ஒரே இழுப்பு. மஞ்சளைத் தூரிகையில் எடுத்தார், பக்கவாட்டில் இழுத்தார், அடுத்ததற்குப் போய்விட்டார். திருத்தம் கிடையாது. கையும் கையுறையும் அதைவிட மோசம், அதாவது அதைவிட அற்புதம். கிட்டே நின்றால் விரல் எது, தோல் எது என்றே தெரியாத நாலைந்து தீற்றல்கள். நாலடி பின்னால் போனால் கையுறை நகர்கிறது. முகத்தை நாம் நிறுத்திப் பார்ப்போம், கையை ஓரக்கண்ணால்தான் பார்ப்போம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பார்வை போகிற வேகத்துக்கு ஏற்பத் தூரிகையின் வேகத்தை மாற்றியிருக்கிறார். படம் இன்றும் சிக்ஸ் குடும்பத்திடமே ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஒரு வேடிக்கை: இரண்டு வருஷம் கழித்துச் சிக்ஸ் தன் மனைவியை வரையச் சொன்னது ரெம்பிராண்ட்டிடம் அல்ல, அவருடைய பழைய மாணவர் கோவர்ட் ஃப்ளிங்க்கிடம். வழவழப்பான, வெளிச்சமான படங்களுக்கு மவுசு வந்துவிட்ட காலம்.

இந்த இடத்தில் பிரபலமான கட்டுக்கதை ஒன்றை ஓரங்கட்டிவிடலாம். 1642-இல் நகரக் காவல்படையினரின் குழுப்படமான 'இரவுக் காவல்' படத்தைக் காசு கொடுத்தவர்கள் நிராகரித்தார்கள், அதோடு அவர் வீழ்ந்தார் என்று சொல்வார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆளுக்குச் சுமார் 100 கில்டர் வீதம் மொத்தம் 1,600 கில்டர் வந்தது. படம் அவர்கள் மண்டபத்திலேயே தொங்கியது. அவரைச் சாய்த்தது வீட்டுக்கடன், ஏலப்பித்து, 1652 முதல் 1654 வரை இங்கிலாந்தோடு நடந்த யுத்தத்தால் வியாபாரம் படுத்தது, கடன்காரர்கள் ஒரே சமயத்தில் கதவைத் தட்டியது, இவ்வளவும் சேர்ந்து. 1658-இல் வீடு 11,218 கில்டருக்குப் போனது. உயிரைக் கொடுத்துச் சேர்த்த அச்சுப்படங்களும் வரைபடங்களும் 600 கில்டரைக்கூட எட்டவில்லை.

குடும்பம் ரோசன்கிராக்ட் பகுதியில் வாடகை வீட்டுக்குப் போனது. கடன்காரர்கள் கையில் எதுவும் சிக்காமலிருக்க 1660-இல் ஹெண்ட்ரிக்யெயும் டைட்டஸும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ரெம்பிராண்ட் அதில் வேலையாள்! சாப்பாடும் தங்குமிடமும் அவருக்கு, வரைகிற படம் கம்பெனிக்கு. இந்த ஏற்பாட்டில்தான் துணித்தர அதிகாரிகளின் குழுப்படம் 1662-இல் வந்தது. ஐந்து பேர், ஒரு பணியாள், மேசைமேல் சிவப்புக் கம்பளம். யாரோ கதவைத் திறந்தமாதிரி எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் பாதி எழுந்துவிட்டார். அந்த நொடி தற்செயலாக அமையவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பணியாளை அங்கும் இங்கும் இடம் மாற்றிப் பாடுபட்டிருப்பது தெரிகிறது.

1663-இல் ஹெண்ட்ரிக்யெ, 1668-இல் டைட்டஸ். இருவரையும் புதைத்துவிட்டு 1669 அக்டோபர் 4 அன்று ரெம்பிராண்ட் இறந்தார். வெஸ்டர்கெர்க் கோயிலில் வாடகைக் குழியில் அடக்கம். மறுநாள் நோட்டரி வந்து வீட்டில் இருந்ததை எழுதினார். அதில் மூன்று அறைகளைப் பூட்டி முத்திரை வைத்ததாக வருகிறது. உள்ளே படங்கள், வரைபடங்கள், அபூர்வப் பொருள்கள், பழம்பொருள்கள். சொத்தெல்லாம் ஏலம் போனபிறகு மனிதர் திரும்பவும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். திருந்தவில்லை என்று சொல்லலாம். எனக்கு என்னவோ, அது இல்லாமல் அவரால் வரைய முடியவில்லை என்றுதான் படுகிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வண்ணத்தில் தொடங்கவேண்டாம். அவருடைய தடித்த ஈயவெள்ளையைப் பார்த்து, டியூப் டியூபாக வெள்ளையைப் பிதுக்கி முகத்தை அப்பளமாக்கியவர்கள் ஏராளம். அவர் தடிப்பாகப் பூசியது வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும்தான். நிழலில் வண்ணம் மெல்லிசு, அடிப்பூச்சின் பழுப்பே எட்டிப் பார்க்கும். அது பிடிபட நாளாகும். ரெய்க்ஸ் மியூசியத்தின் இணையதளத்தில் அந்த 1630 அச்சுப்படங்களை இலவசமாக, பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். தொப்பி போட்டுக்கொண்டு கண்ணை விரித்து விழிக்கிற படத்தை எடுங்கள். அசல் உயரம் 5 செ.மீ. சுற்றித்தான், அதே அளவில் ஒரு பிரதி அச்சடித்துப் பக்கத்தில் வையுங்கள், பெரிதாக்கியது திரையில் இருக்கட்டும். சாதாரண மைப்பேனாவால், பென்சில் கோடு போடாமல், நேரே படியெடுங்கள். கண்ணிமையின் மேல்கோடு எங்கே அழுத்தமாகிறது, கன்னத்தில் எங்கே கோடே இல்லாமல் விட்டிருக்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும். அப்புறம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அதே முழியை நீங்கள் முழித்து வரையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரித்தால் அவர்களையும் வரைந்துவிடுங்கள்.